எளாவூருக்கு ஒரு டயட்டீஷியன்

உலைக்கு முன்னால் நின்று கடும் உழைப்பு உழைக்கும் 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு ஒரு நாளைக்கு 3,470 கிலோகலோரி வேண்டும். அதே ஆலையின் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து வேலை பார்க்கும், அதே எடையுள்ள ஆணுக்கு 2,110 போதும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் திருத்தி வெளியிட்ட பரிந்துரை அளவுகள் இவை. இடைப்பட்ட வேறுபாடு 1,360 கிலோகலோரி. வயிறு நிறையச் சாப்பிடும் ஒரு வேளைச் சாப்பாட்டைவிட இது அதிகம். பெண்களுக்கும் இப்படித்தான்: 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு உட்கார்ந்த வேலைக்கு 1,660, கடும் உழைப்புக்கு 2,720. ஆலைக் கேன்டீனிலோ எல்லோருக்கும் ஒரே தட்டு, ஒரே கரண்டி அளவு. குறைந்தால் சோற்றை இன்னொரு முறை வாங்கி நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். அப்படி நிரப்பும்போது மாவுச்சத்து சேர்கிறது. புரதமும் இரும்புச்சத்தும் சேர்வதில்லை.

இந்தக் கணக்கைப் போடுவதற்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் என்ன படிக்கிறார்கள், அந்தப் படிப்புக்கு யார் சான்று தருகிறார்கள், அந்தச் சான்றுக்குச் சட்டம் என்ன மதிப்பு வைத்திருக்கிறது, கடைசியில் அவர்கள் ஏன் எளாவூர் போன்ற இடங்களுக்கு வந்து சேர்வதில்லை என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

எளாவூர், கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிறது. ஆந்திர எல்லைக்கு முன்னால் வரும் சோதனைச் சாவடியால்தான் வெளியூர்க்காரர்கள் பலருக்கும் இந்த ஊரின் பெயர் தெரியும். தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். எல்லை தாண்டினால் தடா, ஸ்ரீசிட்டி ஆலைகள். கிழக்கே பழவேற்காடு ஏரியின் நீர்ப்பரப்பு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தகரக்கூரை அறைகளில் தங்கி ஷிப்டு வேலை பார்ப்பவர்கள், உள்ளூர் விவசாயக் குடும்பங்கள், ஏரியை நம்பிய மீனவர்கள், இருளர் குடியிருப்புகள் என்று உணவுப் பழக்கம் ஒன்றோடொன்று ஒட்டாத பல கூட்டத்தார் இந்த வட்டாரத்தில் அருகருகே வாழ்கிறார்கள். ஊட்டச்சத்துப் படிப்பில் சேரும் மாணவி பாடநூலில் தனித்தனி அத்தியாயங்களாகப் படிப்பவை எல்லாம் இங்கே ஒரே பேருந்து நிறுத்தத்தில் நிற்கின்றன.

உலையருகே வேலை செய்யும், ரத்த அழுத்தம் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பை நிறுத்து என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பொதுப் பரிந்துரை. அவரோ எட்டு மணி நேரம் வியர்வையில் உப்பை இழக்கிறார். பொது அறிவுரையை அப்படியே சொன்னால் மயங்கி விழலாம்; கண்டபடி உப்புக் கரைசல் குடிக்கச் சொன்னால் அழுத்தம் ஏறும். அவர் சாப்பிடும் மாத்திரை எது, சிறுநீர் பெருக்கியா, எத்தனை லிட்டர் தண்ணீர் குடிக்கிறார், கேன்டீன் குழம்பிலும் ஊறுகாயிலும் எவ்வளவு உப்பு என்று விசாரித்து, மருத்துவரோடு பேசித்தான் அளவு சொல்ல முடியும். இரவு ஷிப்டில் இருக்கும் சர்க்கரை நோயாளியின் நிலை இன்னும் கவலைக்குரியது. இரவு எட்டு மணிக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, சாப்பாட்டு இடைவேளை பன்னிரண்டு மணிக்குத்தான் என்றால், ஓடும் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே சர்க்கரை தாழ்ந்து தலைசுற்றும். 'அரிசியைக் குறைங்க, கோதுமை சாப்பிடுங்க' என்ற ஒற்றை வரி அறிவுரையால் இவர்கள் இருவருக்கும் ஒரு பயனும் இல்லை.

தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் 14.4 விழுக்காடு என்று 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வு சொன்னது. அதற்குச் சற்று முந்தைய ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. மிகை உணவின் நோயும் குறை உணவின் நோயும் பல வீடுகளில் ஒரே அடுப்பைச் சுற்றி இருக்கின்றன. இத்தனை தேவை இருக்கும் இடத்தில் ஆலோசனை சொல்ல ஆள் வராமல் இருக்குமா? வருகிறார்கள். காலையில் ஷேக் கலந்து கொடுக்கும் 'நியூட்ரிஷன் கிளப்' நடத்துபவர்கள், நேரடி விற்பனைச் சங்கிலியில் சேர்ந்து 'வெல்னெஸ் கோச்' ஆனவர்கள், வார இறுதியில் ஆன்லைனில் படித்துச் சான்றிதழை ஃபிரேம் போட்டவர்கள், உடற்பயிற்சிக் கூடத்தில் புரதப் பொடி எழுதிக்கொடுப்பவர்கள், பேலியோ முதல் பச்சைச் சாறு வரை பேசும் யூடியூப் குரல்கள். இவர்களில் நல்லெண்ணம் உள்ளவர்கள் நிறைய. உடம்பு இளைத்த தன் அனுபவத்தை அடுத்தவருக்குச் சொல்ல விரும்புவது குற்றமும் இல்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவரின் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கத் தெரியாதவர் கையில் உணவு மருந்தைப் போலவே தீங்கு செய்யும்.

சிறுநீரகம் பழுதானவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தடம் மாறும். உடம்புக்குக் குளிர்ச்சி என்று எல்லோரும் சொல்லும் இளநீரில் பொட்டாசியம் அதிகம். கீரையை நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, நீரை வடித்துவிட்டுச் சமைக்கும்படி சிறுநீரக நோயாளிகளிடம் டயட்டீஷியன்கள் சொல்வது அதனால்தான். 'சத்தெல்லாம் போய்விடுமே' என்று வீட்டார் வருந்துவார்கள். அங்கே போக வேண்டியதும் அதுதான். நட்சத்திரப் பழத்திலுள்ள நச்சுப் பொருளைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடிவதில்லை. நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு என்று உயிர்வரை போயிருக்கிறது. கடைகளில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு சேர்ந்திருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று 2025 ஜனவரியில் இவ்வகை உப்பைப் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனமே, சிறுநீரகச் செயல்பாடு குன்றியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அந்தப் பரிந்துரை பொருந்தாது என்று விலக்கி வைத்திருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் திடீரென்று தினமும் கீரை என்று மாறினால் மருந்தின் வேலை கெடும். நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு இரக்கப்பட்டு ஒரேயடியாகச் சோறும் சர்க்கரையும் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் நின்றுபோகக்கூடும். இரண்டாம் உலகப் போரில் பட்டினி முகாம்களிலிருந்து மீண்டவர்களிடம் மருத்துவ உலகம் கண்ட பாடம் அது. இவை எதுவும் அபூர்வ நோய்கள் அல்ல. ஒரு தாலுகா மருத்துவமனையின் புறநோயாளி வரிசையில் இவர்களில் யாரும் இருக்கக்கூடும்.

ஆகவே டயட்டீஷியனின் படிப்பில் கலோரிப் பட்டியலை மனப்பாடம் செய்வது சிறு பங்குதான். உடற்செயலியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உணவு வேதியியல், நோய்க்கான உணவுச் சிகிச்சை, மொத்தமாகச் சமைக்கும் கூடங்களின் நிர்வாகம், சமூக ஊட்டச்சத்து ஆகிய பாடங்களுக்குப் பிறகு மருத்துவமனை வார்டில் நிற்க வேண்டும். ஆய்வக அறிக்கையைப் படித்து, மூக்கு வழியாகக் குழாயில் உணவு செலுத்தப்படுபவருக்கு மணிக்கு எத்தனை மில்லிலிட்டர் என்று முடிவுசெய்து, மறுநாள் வயிற்றுப்போக்கு வந்தால் மாற்றி எழுதும் பயிற்சி அது. புத்தகத்தை வைத்து இதைக் கற்க முடியாது. என் கணிப்பில், பட்டத்தின் பெயரைக் காட்டிலும் முக்கியமானது இந்த மருத்துவமனைப் பயிற்சி.

இந்தத் துறையின் இந்தியத் தொடக்கமே தமிழ் மண்ணில்தான். குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் 1918இல் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறு பிரிவு, 1920களின் இறுதியில் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்குக் கொடுத்து அவர் வளர்ச்சியை ஒப்பிட்டார். கோதுமையும் பாலும் காய்கறியும் கலந்த வடமேற்கு உணவு தின்ற எலிகள் கொழுகொழுவென வளர, தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாண உணவு தின்றவை மெலிந்தன. அவருக்குப் பின் வந்த வாலஸ் அய்க்ராய்டு, புழுங்கலரிசியில் தயமின் தங்குவதை ஆராய்ந்ததோடு, 1937இல் இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையையும் வெளியிட்டார். இன்று 528 உணவுப் பொருள்களை ஆய்ந்து 2017இல் வந்திருக்கும் இந்திய உணவுக் கலவை அட்டவணைக்கு மூதாதை அதுதான். 1958இல் கூடம் ஹைதராபாத்துக்குப் போனது. அங்கே அதை வழிநடத்தி, பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கே தலைமையேற்ற சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். நூறு வயதைக் கடந்து 2019இல் மறைந்தார்.

ஆராய்ச்சி இப்படி மருத்துவர்களின் கையில் வளர்ந்தது. உணவியல் கல்வியோ பெண்கள் கல்லூரிகளின் மனையியல் துறைகளில் வளர்ந்தது. கோயம்புத்தூரில் தி. சு. அவினாசிலிங்கம் 1957இல் தொடங்கிய மனையியல் கல்லூரி இதில் தலையானது. அதை வளர்த்தெடுத்த ராஜம்மாள் பா. தேவதாஸ் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்தியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1988இல் அக்கல்லூரி நிகர்நிலைப் பல்கலைக்கழகமானபோது துணைவேந்தரானார். 1992இல் பத்மஸ்ரீ பெற்றார். பள்ளி மதிய உணவையும் கிராம ஊட்டச்சத்தையும் ஆய்வுப் பொருளாக்கியவர் அவர். சென்னையில் ராணி மேரி, மகளிர் கிறித்துவக் கல்லூரி, எத்திராஜ் என்று இந்த மரபு பரவியது. ஆனாலும் மனையியல் என்றால் 'சமையல் படிப்பு' என்ற இளக்காரம் வெகுகாலம் நீடித்தது. மருத்துவமனையில் டயட்டீஷியனைச் சமையலறை மேற்பார்வையாளராகப் பார்க்கும் பழக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம். பெண்கள் படித்த, பெண்கள் நடத்திய துறை என்பதாலேயே அதன் அறிவியலைக் குறைத்து மதிப்பிட்டோம். அது அநியாயம்.

சான்று என்ற கேள்விக்கு வருவோம். 1960களின் தொடக்கத்தில் உருவான இந்திய உணவியல் சங்கம்தான் வெகுகாலம் இந்தத் தொழிலுக்கு ஒரே அளவுகோல். சங்கம் நடத்தும் 'பதிவுபெற்ற டயட்டீஷியன்' தேர்வை எழுத, பொதுவாகச் சொன்னால், உணவியலிலோ ஊட்டச்சத்தியலிலோ முதுநிலைப் பட்டமும் பல்துறை மருத்துவமனை ஒன்றில் ஆறு மாதப் பயிற்சியும் வேண்டும். முதுநிலைப் பட்டயம் பெற்றவர்களுக்குக் கூடுதல் பணி அனுபவம் கேட்கிறார்கள். தேறியவர்கள் தம் பெயருக்குப் பின்னால் ஆர்.டி. என்று போட்டுக்கொள்வார்கள், தொடர்கல்வி காட்டி அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும். சங்கத்தில் உறுப்பினராக இருப்பது வேறு, இந்தத் தேர்வில் தேறியிருப்பது வேறு. விசிட்டிங் கார்டில் 'உறுப்பினர்' என்று பார்த்துவிட்டு மயங்கக் கூடாது. அதேபோல, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பயிற்சிச் சான்று, சமையலறைத் தூய்மையையும் கலப்படத் தடுப்பையும் பற்றியது. நோயாளிக்கு உணவு எழுதும் தகுதியை அது தருவதில்லை.

தன்னார்வச் சங்கத்தின் தேர்வு எவ்வளவு கண்டிப்பாக இருந்தாலும், எழுதாதவரைத் தடுக்க அதனால் முடியாது. இந்தக் குறையை நீக்க வந்தது 2021ஆம் ஆண்டின் தேசியத் துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம். அந்த மார்ச் மாதம் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறிய இச்சட்டத்தின் அட்டவணையில் பத்துத் தொழில் வகைகள் உள்ளன. அவற்றில் ஒன்று ஊட்டச்சத்து அறிவியல் தொழிலர். டயட்டீஷியன் என்ற தலைப்பில் மருத்துவமனை டயட்டீஷியனையும் உணவுக்கூட டயட்டீஷியனையும், நியூட்ரிஷனிஸ்ட் என்ற தலைப்பில் பொதுச் சுகாதார ஊட்டச்சத்து நிபுணரையும் விளையாட்டு ஊட்டச்சத்து நிபுணரையும் சட்டம் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. பிரிட்டனில் 'டயட்டீஷியன்' என்ற பட்டத்துக்கு மட்டுமே சட்டக் காவல். 'நியூட்ரிஷனிஸ்ட்' என்று யாரும் பலகை மாட்டலாம். நம் சட்டம் அந்தக் கதவையும் சேர்த்து மூடப் பார்க்கிறது. இது நல்ல வரைவு என்றே நினைக்கிறேன்.

சுகாதாரத் தொழிலர் என்று இச்சட்டத்தில் கருதப்பட, மூன்று முதல் ஆறு ஆண்டுகளுக்குள் குறைந்தது 3,600 மணி நேரம் கொண்ட பட்டப் படிப்பு வேண்டும். மாநில மன்றங்கள் பதிவேடு வைக்க வேண்டும். மைய அளவிலும் ஒரு பதிவேடு உண்டு. பொது நுழைவுத் தேர்வையும் படிப்பு முடிவில் உரிமத் தேர்வையும் கொண்டுவர ஆணையத்துக்கு அதிகாரம் தரப்பட்டிருக்கிறது. எளாவூரில் பதிந்தவர் எல்லைக்கு அப்பால் ஸ்ரீசிட்டி ஆலைக்கு ஆலோசனை சொல்லப் போனாலும் அவருடைய தகுதியைச் சரிபார்க்க ஓர் இடம் இருக்க வேண்டும் என்பதே மையப் பதிவேட்டின் பயன். சட்டம் வந்த வேகம் செயலில் இல்லை. மாநிலங்கள் மன்றங்களை அமைக்காமல் நாளைக் கடத்தியதால், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தலையிட்டுக் கெடு விதிக்க நேர்ந்தது.

2025இல் பல்கலைக்கழக மானியக் குழு எடுத்த முடிவும் இதன் தொடர்ச்சி. இச்சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளை, ஊட்டச்சத்து அறிவியலும் மருத்துவ உணவியலும் உட்பட, தொலைநிலையிலும் ஆன்லைனிலும் அந்தக் கல்வியாண்டு முதல் நடத்தக் கூடாது என்று அது அறிவித்தது. வார்டைக் கண்ணால் பாராமல் பட்டம் வாங்குவதைத் தடுக்கிற அளவில் இது சரி. ஆனால் இந்த முடிவால் கதவு சாத்தப்படுவது யாருக்கு என்று பார்க்க வேண்டும். திருமணமாகி, குழந்தை பிறந்த பிறகு படிப்பைத் தொடர நினைத்த பெண்களுக்குத் தொலைநிலைக் கல்வி ஒன்றே வழியாக இருந்தது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் உணவியல் முதுநிலைப் படிப்பு அப்படிப் பலருக்கு உதவியது.

எளாவூரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண் டயட்டீஷியனாக ஆசைப்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அறிவியல் பாடம் படித்திருந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் பி.எஸ்ஸி. மருத்துவ ஊட்டச்சத்தும் உணவியலும் படிப்பில் சேரலாம். ஆனால் சென்னையிலிருந்து வரும் புறநகர் ரயில்களில் பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். காலை வகுப்புக்கு எளாவூரிலிருந்து இருட்டோடு கிளம்ப வேண்டும். மூன்று ஆண்டு பட்டம், இரண்டு ஆண்டு முதுநிலை, ஆறு மாத மருத்துவமனைப் பயிற்சி என்று ஐந்தரை ஆண்டுகள் ஆகும். அந்தப் பயிற்சிக்குப் பல இடங்களில் உதவித்தொகை கிடையாது. கட்டணம் வாங்கும் மருத்துவமனைகளும் உண்டு. இத்தனையும் தாண்டி வந்தால் தொடக்கச் சம்பளம் சிப்காட் ஆலையில் அவள் அண்ணன் வாங்குவதைவிடக் குறைவாகவே இருக்கும். தரத்தை உயர்த்த வேண்டும் என்று சொல்கிறவர்கள், பயிற்சிக் காலத்துக்கு உதவித்தொகை என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இத்தொழில் சென்னை நகரத்து வசதியான வீட்டுப் பெண்களுக்கு மட்டும் ஆனதாகிவிடும். ஒடிசாத் தொழிலாளி என்ன சாப்பிடுகிறார் என்று அறிந்த ஒருத்தி அதற்குள் வர முடியாமலே போவாள்.

வெளிநாடுகளிலும் தகுதி ஏறிக்கொண்டேதான் போகிறது. அமெரிக்காவில் 2024 ஜனவரி முதல் நாளிலிருந்து பதிவுத் தேர்வை எழுதவே முதுநிலைப் பட்டம் கட்டாயம். அதோடு குறைந்தது 1,000 மணி நேரம் மேற்பார்வையில் பயிற்சி. மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் டயட்டீஷியனைப் பதிவுக்குள் கொண்டுவந்தது. அங்கெல்லாம் மருத்துவமனைகளில் பணியிடமும் காப்பீட்டில் கட்டணமும் உண்டு. அதனால் படிப்பு நீண்டாலும் ஆள் வருகிறார்கள். தகுதியை மட்டும் இறக்குமதி செய்து பணியிடத்தை விட்டுவிட்டால் நடக்கப்போவது ஒன்றுதான்: படித்தவர்கள் பெருநகரத் தனியார் மருத்துவமனையிலும் அழகு நிலைய மாடியிலும் சேர்வார்கள், எளாவூரில் ஷேக் விற்பவரே ஆலோசகராகத் தொடர்வார்.

பணியிடம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தால் நிலைமை விளங்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் டயட்டீஷியன் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஊழியர் வரிசையில் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்புநர், கிராம சுகாதாரச் செவிலியர் இருக்கிறார்கள், டயட்டீஷியன் இல்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறது. அந்தக் குழுவில் பெண் சுகாதாரத் தன்னார்வலர் உண்டு, நோய்தணிப்புச் செவிலியர் உண்டு, இயன்முறை மருத்துவர் உண்டு. உணவால் பாதி கட்டுப்படும் இரண்டு நோய்களுக்கான திட்டத்தில் உணவு தெரிந்தவருக்கு இடமில்லை. அடுத்து வந்த 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' ஆலை வாசலுக்கே போய் ரத்தம் சோதிக்கிறது. சர்க்கரை இருக்கிறது என்று சொன்ன மறுகணம் தொழிலாளி கேட்கும் முதல் கேள்வி 'என்ன சாப்பிடலாம்?' என்பதுதான். அங்கே பதில் சொல்லப் படித்தவர் யாரும் இல்லை.

காசநோயிலும் இதே இடைவெளி. கடுமையாக மெலிந்த நோயாளிகளைத் தொடக்கத்திலேயே இனம்கண்டு மருத்துவமனையில் சேர்க்கும் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' 2022இல் தமிழ்நாட்டில் தொடங்கியது. உயரம், எடை, கால் வீக்கம் பார்த்து வகைப்படுத்தும் அந்த முறையை நாடே கவனித்தது. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வோ, நோயாளியின் குடும்பத்துக்கு நல்ல உணவு கொடுத்ததால் வீட்டிலுள்ள மற்றவர்களுக்குக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. ஊட்டச்சத்துக்கென்று ஒன்றிய அரசு நோயாளிக்கு மாதம் தரும் தொகை 500 ரூபாயிலிருந்து 1,000 ஆகியிருக்கிறது. பணம் வருகிறது. தகரக்கூரை அறையில் நான்கு பேரோடு ஒரு ஸ்டவ்வைப் பகிரும் தொழிலாளி அந்தப் பணத்தில் எதை வாங்கி எப்படிச் சமைப்பது என்று, அவருடைய மொழியில் சொல்ல ஆள் வரவில்லை.

ஆலைக் கேன்டீனுக்கு மீண்டும் வருகிறேன். எளாவூர் வட்டாரத்தைப் பொறுத்தவரை அதுவே பெரிய வாய்ப்பு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46ஆம் பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீனைக் கட்டாயமாக்கியது. கட்டடம், சாமான்கள், உணவு வகை, விலை, தொழிலாளர் இடம்பெறும் கேன்டீன் குழு எல்லாவற்றையும் பற்றி அது பேசியது. 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து 100 பேர் இருந்தாலே கேன்டீன் வேண்டும் என்று வரம்பைக் கீழே இறக்கியது. இரண்டிலும் அந்தத் தட்டில் வரும் உணவைத் தகுதியுள்ள ஒருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்று ஒரு வரி இல்லை. ஒரு சட்டம் 'உணவுக்கூட டயட்டீஷியன்' என்ற தொழிலை அங்கீகரிக்கிறது. இன்னொரு சட்டம் உணவுக்கூடத்தைக் கட்டச் சொல்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் மின்னணு ஆலை ஒன்றின் பெண் தொழிலாளர்கள், விடுதி உணவால் உடல்நலம் கெட்டு, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்த பிறகுதான் அந்தச் சமையற்கூடத்தை அதிகாரிகள் எட்டிப் பார்த்தார்கள். கெட்டுப்போன உணவாவது ஒரே இரவில் ஊரைக் கூட்டிவிடும். இரும்பும் புரதமும் குறைந்த உணவு பல ஆண்டுகள் மௌனமாக வேலை செய்யும். அதற்காக யாரும் சாலை மறியல் செய்வதில்லை.

ஒவ்வொரு ஆலைக்கும் ஒரு முழுநேர டயட்டீஷியன் என்பது இப்போது நடக்கிற காரியம் இல்லைதான். ஒரு சிப்காட் வளாகத்தின் ஆலைகள் சேர்ந்து ஒருவரையோ இருவரையோ அமர்த்தலாம். உலை வேலைக்கு ஒரு தட்டு, மேசை வேலைக்கு ஒரு தட்டு, சர்க்கரை உள்ளவருக்கு ஷிப்டு நேரத்துக்கு ஏற்ற சிற்றுண்டி, பெண்களுக்கு இரும்புச்சத்தும் அதை உடல் ஏற்க உதவும் எலுமிச்சையோ நெல்லிக்காயோ, ஒடிசாக்காரருக்கும் பீகார்க்காரருக்கும் பழகிய பருப்பு வகை என்று வாரப் பட்டியல் எழுத ஒருவர் போதும். ஒப்பந்தக்காரருக்கு இதனால் ஆகும் கூடுதல் செலவு, சோற்றோடு ஒரு முட்டையும் சுண்டலும் வைக்கும் செலவை ஒட்டித்தான் இருக்கும்.

படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உணவு ஆலோசனைக்கு யாரிடமாவது போனால், எங்கே படித்தீர்கள், எந்த மருத்துவமனையில் பயிற்சி எடுத்தீர்கள், எந்தப் பதிவேட்டில் இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். உண்மையான டயட்டீஷியன் இதற்குக் கோபப்பட மாட்டார். அவரே உங்கள் ஆய்வக அறிக்கையையும் மாத்திரைச் சீட்டையும் முதலில் கேட்பார். கேட்காமலே பட்டியல் எழுதிக் கொடுப்பவரிடமும், பட்டியலோடு டப்பாவும் விற்பவரிடமும் திரும்பிப் போகாதீர்கள். சமூக ஊடகத்தில் உடல்நலம் பேசுகிறவர்கள் தம் தகுதியை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஆகஸ்டிலேயே வழிகாட்டியிருக்கிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு உணவு வழிகாட்டி புரதப் பொடிகளைத் தவிர்க்கும்படி சொல்லியிருக்கிறது.

அரசிடம் கேட்க வேண்டியது ஒன்று. கேன்டீன் சட்டத்தைத் திருத்த நாளாகலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' தமிழ்நாட்டின் சொந்தத் திட்டம். வட்டாரத்துக்கு ஒரு பதிவுபெற்ற டயட்டீஷியனை அந்தக் குழுவில் சேர்க்க நாடாளுமன்றத்தையோ உச்ச நீதிமன்றத்தையோ எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஓர் அரசாணை போதும். கும்மிடிப்பூண்டி வட்டாரத்திலிருந்தே அதைத் தொடங்குங்கள்.